எட்டு மாதம் வண்டு விழாத விதை உளுந்து: டயட்டம் மண் பொடி வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

முந்தின வருடப் புரட்டாசியில் விதை டிரம்மைத் திறந்தபோது முதலில் தெரிந்தது சூடுதான். உளுந்துக்குள் கையை விட்டால், இறக்கி வைத்த சோற்றுப் பானையைத் தொட்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு. கையை வெளியே எடுத்தேன், மணிக்கட்டு வரைக்கும் பழுப்பு வண்டு. ஒரு பிடி அள்ளிச் சொளகில் போட்டேன். உளுந்து விழுகிற சத்தமே இல்லை, உமி விழுகிற மாதிரி விழுந்தது. மணிக்கு மணி குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஓட்டை, சிலதில் இரண்டு. 30 கிலோ வம்பன் 8 ரக உளுந்து, எங்கள் காட்டிலேயே விளைந்து, நானே பொறுக்கி எடுத்து வைத்த விதை. மாட்டுக்கு வைக்கக்கூட மனசு வரவில்லை. கடைசியில் கடையில் கிலோ 160 ரூபாய்க்கு விதை வாங்கித்தான் அந்த வருடம் விதைத்தோம்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். புரட்டாசி கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழைக்கு விதைத்து, தையில் நெத்து, அதாவது முற்றிக் காய்ந்த காய், பறிப்போம். அந்தத் தையிலிருந்து அடுத்த புரட்டாசி வரைக்கும் எட்டு மாதம் விதையைக் காப்பாற்றி வைக்க வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்று கணக்கு. மூன்று ஏக்கருக்கு 24 கிலோ, மேலே ஒரு ஆறு கிலோ கையிருப்பு. இந்த 30 கிலோவைக் காப்பாற்றத்தான் டயட்டம் மண் பொடி வாங்கினேன். ஒரு கிலோ பாக்கெட், தபால் கூலியோடு 340 ரூபாய். இப்போது ஒரு வருடம் முழுதாக ஓடிவிட்டது. நல்லது, கெட்டது இரண்டும் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். விற்பவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பொடி பற்றித்தான் பேச்சு.

பாக்கெட்டில் இருப்பது வெளுத்த, லேசாகச் சாம்பல் கலந்த பொடி. மைதாவைவிட நைசு. விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுக்குகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி வறண்டு இழுக்கும். அந்த வறட்சிதான் இதன் வேலையே. டயட்டம் என்பது தண்ணீரில் வாழும் ஒரே ஒரு செல் உள்ள பாசி. அதன் உடம்பைச் சுற்றிச் சிலிக்காவில் ஒரு ஓடு உண்டு. செத்த பாசிகளின் ஓடுகள் ஏரிக்கும் கடலுக்கும் அடியில் லட்சக்கணக்கான வருடமாகப் படிந்து மண்ணாகிக் கிடப்பதைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, அரைத்துத் தருகிறார்கள். ஒவ்வொரு ஓட்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருப்பதால் எண்ணெயை, மெழுகை அப்படியே உறிஞ்சும். ஆல்பிரட் நோபல் 1867ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினாரே, நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்துக்கொள்ள அவர் பயன்படுத்தியது இதே மண்தான்.

வண்டின் உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடம்புக்குள் இருக்கிற ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். பொடிக்குள் நடக்கும்போது துகள் காலிலும் வயிற்றிலும் மூட்டு இடுக்கிலும் ஒட்டி, அந்த மெழுகை உறிஞ்சிவிடும், கொஞ்சம் உரசியும் எடுத்துவிடும். அப்புறம் வண்டு உள்ளிருந்தே காய்ந்து சாகிறது. விஷம் என்று எதுவும் இதில் இல்லை. வண்டு தின்றால்தான் சாகும் என்பதும் இல்லை, மேலே பட்டால் போதும். பயறு வண்டுக்கு இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் வளர்ந்த பயறு வண்டு பயறைத் தின்பதே இல்லை. தின்று தீர்ப்பதெல்லாம் உள்ளே இருக்கும் புழு.

வாங்கின உடனே 30 கிலோவிலும் கொட்டிவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு வருடம் விதையைப் பறிகொடுத்தவளுக்கு அவ்வளவு எளிதில் நம்பிக்கை வராது. நாலு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ நல்ல உளுந்து போட்டேன். முதல் பாட்டிலில் எதுவும் கலக்கவில்லை. இரண்டாவதில் சலித்த அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி. மூன்றாவதில் கயோலின் என்கிற சீனக் களிமண் 5 கிராம். நாலாவதில் டயட்டம் மண் ஒன்றரை கிராம், அதாவது கிலோவுக்கு 3 கிராம் கணக்கு. தெருவில் ஒரு வீட்டில் வண்டு விழுந்த பாசிப்பயறு மூட்டை இருந்தது. அதிலிருந்து உயிருள்ள வண்டாகப் பார்த்துப் பிடித்து, பாட்டிலுக்குப் பத்து விட்டு, வாயில் வேட்டித் துணி கட்டி அடுப்பங்கரை ஜன்னலில் வரிசையாக வைத்தேன்.

நாலாவது பாட்டிலை நான் பார்த்த அளவுக்கு அந்த மாதம் டிவிகூடப் பார்க்கவில்லை. முதல் மணி நேரத்திலேயே வண்டுகள் எல்லாம் வெள்ளை பூசிக்கொண்டன. நின்று நின்று முன்னங்காலை உரசித் தட்டிவிடப் பார்க்கும், தட்டத் தட்ட இன்னும் ஒட்டும். மறுநாள் காலையில் நடையில் தடுமாற்றம் தெரிந்தது. பயறு மேட்டில் ஏறி, பாதியில் சரிந்து, மல்லாந்து விழுந்து, திரும்ப முடியாமல் காலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தன. மூன்றாம் நாள் இரண்டுதான் அசைந்தன. நாலாம் நாள் ஒன்றும் இல்லை. ஊக்கு முனையால் ஒன்றைத் தொட்டேன், காய்ந்த மிளகாய் விதை மாதிரி நொறுங்கிப் போனது.

அதற்குள் முட்டை வைத்துவிட்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பயறு வண்டின் முட்டை வெறும் கண்ணுக்கே தெரியும். கறுப்பு உளுந்தின் மேல் வெள்ளைப் பொட்டு ஒட்டின மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் சீக்கிரம் வராது. அந்தப் பொட்டுக்கு அடியிலேயே புழு நேராக விதைக்குள் துளைத்துப் போய்விடும். வெளியே வருவதே இல்லை. அதனால் பொடி அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மாதம் கழித்து நாலாவது பாட்டிலில் ஏழெட்டு மணியில் ஓட்டை விழுந்தது, வண்டு வெளியே வந்தது. வந்தவை முட்டை வைத்துப் பெருகாமல் பொடிக்குள்ளேயே செத்துப்போயின. அதோடு நின்றது. அடுத்த தலைமுறை வரவில்லை.

முதல் பாட்டிலை 45வது நாள் தெருவில் கொண்டுபோய்த்தான் திறக்க முடிந்தது. கண்ணாடி ஓரமெல்லாம் வண்டு. ஒரு பெண் வண்டு எண்பது, நூறு முட்டை வைக்கும், ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். பத்து வண்டு என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்த பிறகு, டிரம்மில் 30 கிலோ போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சாம்பல் பாட்டில் மோசமில்லை. வண்டுகள் சாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, முட்டை அதிகம், ஆனாலும் முதல் பாட்டிலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். சாம்பலைத் தாராளமாகப் போட்டால் பயறுக்கு இடையில் இருக்கும் இடுக்கை அடைத்துவிடும், வண்டு நடமாட முடியாது. எங்கள் அத்தை காலத்தில் உளுந்துக்குக் கால் பங்கு சாம்பல் போட்டுக் குலுக்கையில் கொட்டி, வாயை மண் வைத்துப் பூசிவிடுவார்களாம். ஒரு கைப்பிடி போட்டுவிட்டு நான் சாம்பலைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அவ்வளவு சாம்பலுக்கு இப்போது எங்கே போவது, வீட்டில் கேஸ் அடுப்புதான். கயோலின் சாம்பலுக்கும் டயட்டம் மண்ணுக்கும் நடுவில் நின்றது. அதிலும் ஒரு விஷயம் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விதைக்குச் சிபாரிசு செய்வது ஆக்டிவேட்டட் கயோலின், 100 கிலோ விதைக்கு 1 கிலோ. சாதாரணக் களிமண்ணைப் பதப்படுத்தி அதன் உறிஞ்சும் சக்தியைக் கூட்டியது அது. எனக்குக் கடையில் கிடைத்தது சாதாரணக் கயோலின்தான். சரியான சரக்கு கிடைக்கிறவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம்.

சரி, பாட்டில் கதை போதும், டிரம் கதைக்கு வருகிறேன். முதல் தடவை கலந்தபோது நான் செய்த தப்பை யாரும் செய்யக் கூடாது. மத்தியானம் வெயில் அதிகம் என்று வீட்டுக்குள்ளேயே, மின்விசிறி சுற்றுகிற அறையில், தார்ப்பாயில் உளுந்தைப் பரப்பிப் பொடியைத் தூவிக் கையால் கிளறினேன். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க மூட்டம். தொண்டையில் மாவு அடைத்த மாதிரி வறட்சி, கண்ணில் எரிச்சல். அடுத்த அறையில் படுத்திருந்த அத்தைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு, இரண்டு நாள் இருமினார்கள். பாக்கெட்டில் "முற்றிலும் இயற்கையானது, பாதுகாப்பானது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், வெளியில் வைத்துக் கலக்குங்கள் என்று ஒரு வரி இல்லை. இந்தப் பாக்கெட்டின்மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். இயற்கையாகக் கிடைப்பது என்பதால் மூச்சில் இழுக்கலாம் என்று ஆகிவிடாது. எந்த நைசுத் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது, சிலிக்காத் தூசி இன்னும் ஆகாது.

இன்னொரு குறை அளவு பற்றியது. "தேவையான அளவு தூவவும்" என்றுதான் இருந்தது. தேவையான அளவு என்றால் ஒரு ஸ்பூனா, ஒரு படியா? தானியத்துக்கு இந்தப் பொடியை டன்னுக்கு ஒரு கிலோவிலிருந்து மூன்றரை கிலோ வரைக்கும் கலக்கிறார்கள், அதாவது கிலோவுக்கு 1 முதல் 3.5 கிராம். நான் விதைக்கு 3 கிராம் எடுத்துக்கொண்டேன். 30 கிலோவுக்கு 90 கிராம், செலவு ஏறக்குறைய 30 ரூபாய். 4,800 ரூபாய் விதை போன வீட்டுக்கு அது ஒரு செலவே இல்லை. சமையல் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். கை அளவு போட்டால் தேவைக்கு இரண்டு மடங்கு விழும், தூசியும் இரண்டு மடங்கு.

இரண்டாவது தடவை களத்தில், காற்று அடங்கின காலை நேரத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்தேன். டிரம்மில் பத்துக் கிலோ உளுந்து, மேலே 30 கிராம் பொடி, மூடியை இறுக்கிவிட்டு டிரம்மைப் படுக்க வைத்துத் தரையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டினேன். பத்து நிமிடம். பொடி பறக்கவே இல்லை, ஒவ்வொரு மணியிலும் சீராகப் பிடித்திருந்தது. மூடியைத் திறக்கும் முன் கால் மணி நேரம் சும்மா விட்டால் தூசி அடங்கிவிடும். இப்படி மூன்று தடவை. கடைசியாக மேலாக ஒரு சிட்டிகை தூவி மூடினேன்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் விதை காய வேண்டும். இந்தப் பொடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது விதையை நன்றாகக் காயவைப்பதுதான். வண்டைக் காயவைத்துக் கொல்கிற பொடி, ஈரமான தானியத்தில் எப்படி வேலை செய்யும்? பொடியும் நமத்துப் போகும், வண்டுக்கும் இழந்த ஈரம் திரும்பக் கிடைக்கும். பயறு வண்டு காட்டிலேயே, நெத்து முற்றும்போதே முட்டை வைத்துவிடுகிறது. ஆக களத்துக்கு வரும்போதே கொஞ்சம் உள்ளே இருக்கும். நெத்தை அடித்துப் புடைத்த பிறகு நாலு நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தேன். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் "டக்"கென்று இரண்டாகத் தெறிக்க வேண்டும். பல்லில் நசுங்கினால் இன்னும் காயவில்லை. பல் சரியில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு தானியமும் கொஞ்சம் வறுத்து ஆறவைத்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் தானியத்தில் 15 சதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டாவிட்டாலும் விதைக்கு அது போதாது, பயறு விதை 9 சதத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. அதனால் உப்பு ஒட்டாத பிறகும் நான் இரண்டு வெயில் கூடக் காட்டினேன்.

ஈரத்தில் இது எப்படித் தோற்கும் என்பதையும் பார்த்தேன். ஐப்பசி அடைமழையில் அரிசியில் கூன்வண்டு வந்தது. மீந்த பொடியில் 10 கிராம் எடுத்து 5 கிலோ அரிசியில் கலந்து வைத்தேன். ஒரு வாரம் ஆகியும் மூக்கை ஆட்டிக்கொண்டு நடந்தன. எல்லாம் சாகப் பன்னிரண்டு நாள் பிடித்தது. ஊரே நனைந்து கிடந்தபோது அந்த அரிசியும் நமத்துத்தான் இருந்தது. சமைக்க எடுத்தால் முதல் களைதண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை. நாலு தடவை களைந்த பிறகுதான் தெளிந்தது. உணவுக்கு உகந்த தரம் என்றால் மிச்சம் மீதி வயிற்றுக்குப் போவதில் பயமில்லை என்றாலும், அன்றாடம் எடுக்கிற அரிசிப் பானையில் தினமும் தூசி கிளப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. சமையலறை அரிசிக்கு இந்தப் பொடி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொஞ்சமாக வாங்கி, வெயிலில் காட்டி, மூடி வைத்தால் போதும். கழுவ முடியாத மாவிலும் ரவையிலும் போடவே கூடாது. மாவில் வருகிற சிவப்பு வண்டு இந்தப் பொடியையும் மற்ற வண்டைவிட அதிகம் தாங்கும்.

விற்பனைச் சரக்குக்கும் சரிவராது. பொடி பூசின உளுந்துக்கு மினுமினுப்பு போய்விடும், தூசி படிந்த பழைய சரக்கு மாதிரி இருக்கும். கமிஷன் கடையில் கையில் அள்ளிப் பார்த்தவுடனே விலையைக் குறைப்பார்கள். இன்னொன்றும் கவனித்தேன். பொடி போட்ட உளுந்து கையிலிருந்து வழுக்கி ஓடாது, ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு குவியலாக நிற்கும். அதே படியில் அளந்து நிறுத்தால் பொடி போடாததைவிட எடை குறைவாக இருந்தது, மணிகள் நெருக்கமாக அடைவதில்லை. விதைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, இதில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். இன்னொரு விற்பனையாளரிடம் விலை குறைவு என்று ஒரு பாக்கெட் தருவித்தேன். வந்தது லேசான ரோஸ் நிறத்தில் இருந்தது. சிறு எழுத்தைப் படித்தால் நீச்சல் குளத்துத் தண்ணீர் வடிகட்டுகிற பொடி. அதுவும் டயட்டம் மண்தான், ஆனால் பயங்கரச் சூட்டில் சுட்டெடுத்தது. அந்தச் சூட்டில் சிலிக்காவில் ஒரு பகுதி படிகமாக மாறிவிடும். படிகச் சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கி சிலிக்கோசிஸ் என்கிற தீராத நோயைக் கொண்டுவரும், புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்றும் உலக அளவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். கல் உடைக்கிறவர்களுக்கு வருகிற அதே நோய். சுட்ட பொடி வெள்ளையாகவும் வரும் என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சுடாதது, உணவுத் தரம், படிகச் சிலிக்கா 1 சதத்துக்கும் கீழே, இந்த மூன்றும் பாக்கெட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத பாக்கெட்டை நான் திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வர மூன்று வாரம் ஆனது.

விற்கிறவர்கள் இதைச் செடிக்குத் தூவலாம், நாய்க்குத் தடவலாம், கோழிக் கூட்டில் போடலாம் என்று ஒரு பெரிய பட்டியலே போடுகிறார்கள். பூத்திருக்கிற செடியில் தூவாதீர்கள். மெழுகு தேனீக்கும்தான் இருக்கிறது, பொடிக்கு வண்டு எது, தேனீ எது என்று தெரியாது.

அத்தைக்கு இந்தப் பொடி முதலில் பிடிக்கவில்லை. "இதென்னம்மா, கோலப்பொடி மாதிரி இருக்கு, இதைப் போய் விதையில போடுறியே" என்றார்கள். கோலப்பொடியையே போட்டால் என்ன என்று பக்கத்து வீட்டிலும் கேட்டார்கள். கோலப்பொடி கல்லை இடித்த நறநறப்பான பொடி. இந்த நைசும் உறிஞ்சலும் அதில் கிடையாது, என்ன கல் என்றும் நமக்குத் தெரியாது. போரிக் பவுடர் கலந்து வைக்கிற வீடுகளும் உண்டு. அது உள்ளே போனால் விஷம், தின்கிற பொருளில் போடவே கூடாது. மூட்டைக்குள் மாத்திரை போடுகிற பழக்கத்தையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அலுமினியம் பாஸ்பைடு காற்றின் ஈரம் பட்டதும் விடுகிற வாயு மனிதரையும் கொல்லும், பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது அது.

மண்ணால் பயறைக் காப்பாற்றுவது அத்தைக்குப் புதிதில்லை. துவரையைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, சலித்த செம்மண்ணைச் சேறாகக் கரைத்து, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி, ராத்திரி குவித்து மூடி வைப்பார்கள். மறுநாளிலிருந்து மூன்று நாலு வெயில். காய்ந்த துவரை செங்கல் உருண்டை மாதிரி ஆகிவிடும். மண் ஓடு பிடித்த மணிமேல் வண்டுக்கு முட்டை ஒட்ட வாகாக இடம் இல்லை, வெயிலில் காயும்போது உள்ளே இருக்கிற புழுவும் சாகும், திருகையில் உடைக்கும்போது தோலும் சுலபமாகக் கழன்று வரும். மண் கட்டின துவரம்பருப்பின் ருசி தனி. வீட்டுத் துவரைக்கு இன்றைக்கும் அத்தை சொன்னதுதான் நடக்கிறது, அங்கே எந்தப் பாக்கெட்டும் தேவையில்லை. உளுந்து விதையை அப்படி ஊறவைத்தால் முளைவிட்டுவிடும் என்பதால்தான் உலர்ந்த பொடிக்கு வந்தேன்.

புரட்டாசியில் டிரம்மைத் திறந்தேன். முதலில் கையைத்தான் விட்டேன். குளுமை. அள்ளிச் சொளகில் போட்டால் கலகலவென்று சத்தம். கிளறிக் கிளறித் தேடினதில் அடியில் செத்த வண்டு பதினொன்று, ஓட்டை விழுந்த மணி ஒரு கைப்பிடிகூட இல்லை. நனைத்த சாக்கில் நூறு விதை போட்டு முளைப்பு பார்த்தேன், நாலாம் நாள் 91 முளைத்திருந்தது. சான்று பெற்ற உளுந்து விதைக்கே 75 சதம் முளைத்தால் போதும் என்பதுதான் அளவு. அத்தை அந்தச் சாக்கை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதுவும் சொல்லவில்லை.

விதைக்கிறதுக்கு முந்தின நாள் வெளியில் வைத்துச் சலித்துப் புடைத்தேன், அப்போதும் முகக்கவசத்தோடுதான். அப்புறம் வழக்கம்போல ஆறின கஞ்சியில் ரைசோபியம் (வேரில் முடிச்சு உண்டாக்கித் தழைச்சத்து சேர்க்கிற நுண்ணுயிர்) கலந்து பூசி நிழலில் உலர்த்தி விதைத்தோம். பூக்கிற சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரில் முடிச்சு நன்றாகவே இருந்தது. இந்தத் தை அறுப்பு முடிந்து புது விதை களத்தில் காய்கிறது.

பாக்கெட்டில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஈரம் படாமல் இருந்தால் கெடாது என்பதால் மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டு, யாரும் மாவு என்று எடுத்துவிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்துக் காட்டு மதினி 20 கிலோ பாசிப்பயறைத் தூக்கிக்கொண்டு வந்து, "எனக்கும் அந்தப் பொடியைப் போட்டுத் தாளா" என்றார்கள். டப்பாவை எடுக்கும் முன் மூட்டையில் கை விட்டு ஒரு மணி எடுத்துக் கடித்தேன். நசுங்கியது. மதினியையும் ஒன்று கடிக்கச் சொன்னேன். "இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டுக் கொண்டு வாங்க மதினி, பொடி எங்கேயும் போயிடாது" என்று மூட்டையைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தேன்.